ஏழாவது அழைப்பு

வெல்டர் குடியை விட்டு நாற்பது நாளாகிறது. சாயங்காலம் பட்டறையைப் பூட்டும் நேரம் வந்தாலே நாக்கு நமநமக்கும். அன்றைக்கென்று பார்த்து, பழைய குடிக் கூட்டாளியான பெயிண்டர் போன் மேல் போன் அடித்தான்.

சிலிண்டருக்குப் பக்கத்தில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டிருந்த வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆண்டவரே, ஜெபம் பண்ணக்கூட விடமாட்டேங்கிறான் இந்தச் சாத்தான்! நீங்கதான் என்னைப் பிடிச்சுக்கணும்."

ஏழாவது அழைப்போடு போனையே அணைத்தார். சாராயக் கடைப் பக்கம் திரும்பாமல் வீடு வந்து சேர்ந்தார்.

வாசலில் சாராய நெடியோடு தள்ளாடி நின்றான் பெயிண்டர்.

"என்னைக் கவுக்க முடியலை, பாத்தியா?" என்றார் வெல்டர்.

"கவுக்கவா? நானும் பத்து நாளா குடிக்காமத்தாண்ணே இருந்தேன். கடை வாசல்ல நின்னுக்கிட்டு, எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். ஏழு தடவை."