கட்டிலுக்கு அடியில் வல்லாரை

பெரம்பலூரில் நான் படிக்கும் மாலை வகுப்பில் சார் சொன்னார்: "பக்கவாதம் வந்த மூளைய வல்லாரைச் சத்து காப்பாத்துதாம். ஆனா, எலிக்குத்தான் கொடுத்துப் பார்த்திருக்காங்க."

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது. டாக்டர் தந்த மாத்திரைகளோடு, ஜெயங்கொண்டம் சந்தையில் வல்லாரை வாங்கி, தினமும் துவையல் அரைத்துக் கொடுத்தேன்.

"உங்கப்பா என்ன எலியாடி?" என்றாள் அம்மா. அவளுக்கு எலிகள் மீது கோபம். பொறியில் வைக்கும் தேங்காய்ச் சில்லை மட்டும் தின்றுவிட்டுத் தப்பிவிடுகின்றன.

அப்பாவின் தட்டு தினமும் காலியானது. இருந்தாலும் பேச்சு வராததால், அரைக்கும் பக்குவம் சரிதானா என்று எனக்குச் சந்தேகம்.

நேற்று துவையலை நீட்டியபோது அப்பா வாயைத் திறந்தார்.

"வேணாம்... கசக்குது."

அம்மா அழுதேவிட்டாள்.

"பார்த்தியாம்மா, வல்லாரை வேலை செஞ்சிருச்சு!" என்றேன்.

அப்பா இல்லை என்று தலையாட்டினார். இடது கையால் கட்டிலுக்கு அடியைக் காட்டினார்.

"நான்... திங்கல. கீழ... தள்ளிவுட்டேன். எலி... தின்னுச்சு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் காலியாகக் கிடந்த பொறியைப் பார்த்தாள்.

"அதான் அதுங்க இவ்வளவு வெவரமா இருக்குதுங்களா?"