நிறம் போன தண்ணீர்

உப்பளத்து வரப்பில் பவுலினின் கண்ணாடித் தொட்டி காலையிலிருந்து வெயிலில் காய்கிறது. சாயப்பட்டறைக் கழிவு இறங்கிச் சிவந்துபோன ஊர்க்கிணற்றுத் தண்ணீர்தான் அதற்குள் இருப்பது. அதில் அவள் ஆய்வகத்துக் களிமண் பொடியைக் கலந்திருக்கிறாள். வெயில் பட்டால் பொடி சாயத்தைச் சிதைத்துவிடும். ஏழு முறை தோற்றவளுக்கு இன்று பலித்தும் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. பொடி அடியில் படிந்திருக்கிறது, மேலே கண்ணாடிபோலத் தண்ணீர்.

"சாலம்மாக்கா, கலர் போயிடுச்சு பாருங்க."

உப்பு வாரும் சாலம்மாள் பலகையைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வருகிறாள். பாத்தித் தண்ணீரைப் பதம் பார்க்கும் பழக்கத்தில், பவுலின் தடுப்பதற்குள் விரலை முக்கி நாக்கில் வைக்கிறாள்.

"போன மார்கழியில கிணத்துல கடல் பூந்துச்சே, அந்த உப்பு அப்படியேதான் இருக்குதும்மா."

வெறுங்குடம் இடுப்பிலேயே இருக்கிறது.