மான் நகராத பயிர்

"என்ன விதைச்சா மான் அந்த எடத்தை விட்டு நகராது? அதை மட்டும் சொல்லு வெர்லின்."

டோரீன் கேட்டதும் விதைக்கடைக்காரர் வெர்லினுக்குக் காபி புரையேறியது. மூலையில் ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்த எல்ராய் செய்தித்தாளை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பக்கத்து விதைக்கடைகளில், மானை இழுக்கப் பயிர் விதைக்கிற வேட்டைக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். டோரீன் கேட்டதுதான் அதிசயம். துப்பாக்கியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர் அவர்.

"என்ன, இந்த வருஷம் வேட்டைக்குக் கெளம்பிட்டியா?"

"காட்டோரமா ரெண்டு ஏக்கர் சும்மா கெடக்கு. மானுக்குன்னு ஏதாவது விதைக்கலாம்னு பார்க்கறேன்."

"திடீர்னு மான் மேல என்ன பாசம்?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? விதையைக் காட்டு."

வெர்லினுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. டோரீனின் காட்டுக்கும் வெர்லினின் வயலுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலைதான். அந்தக் காட்டில்தான் 'பாதிரியார்' குடியிருந்தது. பன்னிரண்டு கிளைக் கொம்பு தாங்கிய கலைமான். அவசரமே இல்லாத அதன் நடையைப் பார்த்து எல்ராய் வைத்த பெயர் அது. பகலெல்லாம் டோரீனின் காட்டில் படுத்துக் கிடக்கும். அந்தி சாய்ந்ததும் தன் கூட்டத்தோடு சாலையைத் தாண்டி வெர்லினின் வயலில் மேய்ந்துவிட்டு, விடிகிற நேரத்தில் திரும்பும்.

நான்கு வருடமாக அதைச் சுடாமல் வளரவிட்டிருந்தார் வெர்லின். இந்த நவம்பரில் வேட்டைக் காலம் தொடங்கியதும் அதுதான் முதல் குறி. கொம்பை மாட்டக் கூடத்துச் சுவரில் இடம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஆனால் மான் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. யார் நிலத்தில் நிற்கிறதோ, அவர்தான் சுடலாம். டோரீன் பக்கத்திலேயே வயிறு நிரம்பிவிட்டால் பாதிரியார் எதற்காகச் சாலையைத் தாண்டப் போகிறார்?

டோரீன் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். "இது டர்னிப் கிழங்கு விதைதானே? மேல மான் படம் போட்டிருக்கே."

"படத்தை நம்பாதே. அது ஒரே கசப்பு. மான் மோந்து பார்த்துட்டுப் போயிடும்."

இது அரை உண்மை. உறைபனி விழும்வரை டர்னிப் இலை கசக்கும். விழுந்த பிறகு இனிக்கத் தொடங்கிவிடும். பனியைக் காலால் தோண்டியாவது மான்கள் தின்னும். குளிர்காலத்துக்கென்று வெர்லின் தன் வயல் முழுக்க விதைப்பது அதைத்தான்.

"ஏம்ப்பா, போன வருஷம் நீயே மூட்டை மூட்டையா..." என்று ஆரம்பித்தார் எல்ராய்.

"எல்ராய், உன் காபி ஆறுது."

எல்ராய் வாயை மூடிக்கொண்டார். ஓசிக் காபிக்கு அந்த விசுவாசம்கூட இல்லாவிட்டால் எப்படி?

வெர்லின் உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்து வந்தார். "இது பக்வீட்டுன்னு ஒரு தானியம். ஒரே மாசத்துல இடுப்பு உசரம் வந்துடும். மான் குடும்பத்தோட வந்து டேரா போட்டுடும் பாரு."

"நவம்பர்லயும் நிக்குமா? எனக்கு நவம்பர்தான் முக்கியம்."

"கல்லு மாதிரி நிக்கும்."

எல்ராய் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதல் உறைபனிக்கே கருகிச் சாய்ந்துவிடுகிற பயிர் அது. அக்டோபர் முடிவதற்குள் அந்த இரண்டு ஏக்கரும் மொட்டைத் தரையாகிவிடும். வேட்டைக்காரர்களுக்கு இது மனப்பாடம். பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற டோரீனுக்கு எப்படித் தெரியும்?

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சோம். உன்கிட்ட போய் பொய் சொல்வேனா?"

சொல்லும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கூடத்துச் சுவரை நினைத்ததும் அந்த உறுத்தல் அடங்கிவிட்டது. கடைப்பையன் இருக்கும்போதே வெர்லின் தானே மூட்டையைத் தோளில் தூக்கிப் போய் டோரீனின் பிக்கப் வண்டியில் ஏற்றினார்.

டோரீன் இன்ஜினைக் கிளப்பினார். பிறகு ஏதோ தோன்றி, ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"காரணத்தைச் சொல்லாம உன்கிட்ட விதை வாங்கிட்டுப் போறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. மார்னி உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"என் பொண்ணா? அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவதான் என்னை விதைக்கச் சொன்னது. நவம்பர்லேர்ந்து அவளுக்கு ஆஸ்பத்திரியில காலை ஷிஃப்ட். இருட்டோட இருட்டா நம்ம ரோட்டு வளைவுலதான் வரணும். உன் வயல்ல மேஞ்சிட்டுத் திரும்புற கூட்டம் போன வாரமே அவ கார் முன்னாடி பாஞ்சிருக்கு. மயிரிழையில தப்பிச்சா. அந்தப் பயிரை வேற பக்கம் மாத்துங்கன்னு உன்கிட்ட ரெண்டு தடவை கெஞ்சினாளாமே? 'ஹார்ன் அடிச்சிட்டுப் போ'ன்னியாமே?"

வெர்லினின் கண் வண்டியின் பின்பக்கம் கிடந்த பக்வீட் மூட்டைக்குப் போனது.

"என் பக்கமே தின்னுட்டு என் பக்கமே படுத்துக்கிட்டா, அதுங்க எதுக்கு ரோட்டுக்கு வரப்போகுது? நீ நல்ல விதையாத்தான் கொடுத்திருக்கே, நான் அவகிட்ட பயப்படாம ஓட்டச் சொல்லிடறேன். பின்சீட்டுல உன் பேரனை வேற வச்சுக்கிட்டு வருவா, பாவம்!"

நகரத் தொடங்கிவிட்ட வண்டியின் பின்னால் ஓடிப்போய், தான் ஏற்றிய மூட்டையைத் தானே கீழே இழுத்துத் தள்ளினார் வெர்லின்.