பயன்பாட்டில் உள்ள சைரன்

தூத்துக்குடி இறால் ஆலையில் முப்பது நாள் பயன்படாத எதையும் செலவைக் குறைக்க வைத்த மதிப்பாய்வுக் கணினி வெட்டிச்செலவு என்று நீக்கிவிடும். போன மாதம் இறால் உரிக்கும் கூடத்தின் பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்தார்கள். யாரும் அதன் வழியே போகவில்லையாம்.

மெக்கானிக் செலஸ்டினுக்குக் கவலையெல்லாம் அம்மோனியா சைரன்தான். குளிரூட்டும் குழாயில் அம்மோனியா கசிந்தால், ஆள் திணறும் முன்பே மோப்பம் பிடித்து அலறும் அருமையான கருவி அது. கசிவே இல்லாத ஆலையில் அதற்கு ஏது பயன்பாடு? ஆகவே மாதம் ஒருமுறை அவரே பட்டனை அமுக்கி அலறவிட்டார். கணினியின் பட்டியலில் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று பதிவாகி சைரன் பிழைத்தது.

முதல் தடவை இறால் உரிக்கும் பெண்கள் அலறியடித்து ஓடினார்கள். மூன்றாம் தடவை அவர் மனைவி ஜெசிந்தா கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏட்டி, பயப்படாம உரிங்க! எங்க வீட்டுக்காரவுக சைரனுக்குச் சோறு போடுதாக."

கூடமே சிரித்தது.

இன்று செலஸ்டின் மாடியில் விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது சைரன் தானாக அலறியது. விழுந்தடித்து இறங்கினார். கூடத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால், முன்வாசலை மறித்து வெண்புகை தரையோடு பரவிக்கொண்டிருந்தது. பெண்கள் குனிந்த தலை நிமிராமல் உரித்தார்கள். ஜெசிந்தா மட்டும் அவரைப் பார்த்துச் சிரித்து, போதும் நிறுத்துங்கள் என்று கையசைத்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு நான் அமுக்கல!"

கண்ணாடியில் அறைந்து கத்தினார். சைரன் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.