ஆரிகானோ போட்ட தக்காளி சாதம்

"நான் டெரிக், வயசு இருபத்து மூணு, பொம்மனஹள்ளி ரூம்ல இருந்து பேசறேன்."

ஃபோனை வாயருகே பிடித்துக்கொண்டு டெரிக் சொல்லச் சொல்ல, எழுத்துகள் திரையில் வந்து விழுந்தன. குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா மகனும் டெரிக்தான். போன மாதம் இவன் போட்ட ஒரு செய்திக்கு அவனுக்குத் திட்டு விழுந்ததிலிருந்து, அறிமுகம் இல்லாமல் இவன் எதையும் தொடங்குவதில்லை.

அதோடு நிறுத்திக்கொண்டான். அப்பா இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோலார் தங்கவயலில் அம்மாவும் அக்கா ஆஷாவும் அவர் உப்பில்லாமல் சாப்பிட்டார் என்ற ஒரு செய்திக்காகத்தான் காத்திருந்தார்கள். அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது, உப்பைக் கிட்டத்தட்ட நிறுத்தியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம். முதலில் அப்பா யேசுதாஸ் தட்டைத் தள்ளினார். அம்மாவை ஏசினார். ஊறுகாய் பாட்டிலைத் தலையணை உறைக்குள் வைத்து மாட்டிக்கொண்டார்.

டெரிக்குக்கு வேலை ஒரு பீட்சா கடை அடுப்படியில். உப்புக் குறைந்த சாஸைக்கூட ஆரிகானோ என்ற வாசனை இலை தூக்கி நிறுத்துவதைத் தினமும் பார்க்கிறவன்.

அப்பாவுக்காக, கடையில் மீந்த ஆரிகானோ பொட்டலங்களைப் பிரித்து மண்ணில் விதைத்தான். இரண்டு வாரம் தண்ணீரும் ஊற்றினான்.

கீழ்வீட்டு லட்சுமம்மா வந்து பார்த்தாள். அது காய்ந்த இலை, விதை இல்லை, காபித்தூளைப் போட்டால் காபிச்செடி முளைக்குமா என்று கேட்டாள். சிரிப்பு அடங்கிய பிறகு நர்சரிக்கு வழி சொன்னாள்.

வாங்கி வந்த நாற்று, பாதியாக வெட்டிய தண்ணீர் கேனில் வேர் பிடித்துக்கொண்டது. வெயில் போகிற பக்கமெல்லாம் கேனை நகர்த்தினான். நுனி கிள்ளக் கிள்ளப் புதராகப் படர்ந்தது. உலர்த்தி, ஊருக்கு ரயிலேறுகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினான்.

அப்பா மாறிப்போனார். உப்பில்லாத குழம்பை வழித்துச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மகன் வளர்த்த இலையைப் பற்றிப் பெருமை பேசினார்.

இருந்தாலும் டெரிக்குக்குப் பயம். அம்மா இரக்கப்பட்டு ஒரு சிட்டிகை உப்பு போட்டுவிடுகிறாளோ?

இன்று அப்பா பரிசோதனைக்காகப் பெங்களூர் வந்திருந்தார். டெரிக் தன் கையால், உப்பே தொடாமல், தக்காளி சாதம் செய்து வைத்தான்.

அப்பா ஒரு பருக்கை விடாமல் முடித்தார்.

"காஞ்சதவிட பச்ச எலதான்டா. வாசம் ஓசூர் ரோடு வரிக்கும் தூக்குது."

டெரிக்குக்கு நெஞ்சு நிறைந்தது. தண்ணீர் எடுக்கத் திரும்பினான்.

நறுக்கிய ஆரிகானோ அடுப்புக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. பதற்றத்தில் போட மறந்திருந்தான்.

கிண்ணத்தை எடுத்துவந்து அப்பா முன்னால் வைத்தான்.

அவர் தட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

"கொரோனாவுல போன மூக்குடா. திரும்பல. நாக்குக்கு உப்பு ஒண்ணுதான் தெரிஞ்சிது."

மகனுக்காக அந்த உப்பையும் விட்டிருந்தார். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள், தெரிய வேண்டாம் என்றார். நறுக்கின இலை வீணாகிறதே, மோரில் போட்டுக் கொடு என்றார்.

கொடுத்தான். குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, அங்கேயே கண்ணயர்ந்தார்.

டெரிக் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்பா தட்டக் காலி பண்ணிட்டாரு. உப்பு கேக்கல. நல்லா தூங்கறாரு. அப்பறம், மூக்குக்கு நல்ல டாக்டர் யாராவது தெரிஞ்சா நம்பர் அனுப்புங்க. எனக்குத்தான்."