பதினேழாம் நம்பர் புங்கமரம்

புங்கமரம் நிற்கிறது.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். அதே மரம்தான். தெருப்பக்கம் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. புயலுக்கு நாலு சுள்ளி ஒடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தண்டில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. அதற்குக் கீழே பதினேழு. இரண்டும் அவன் கைப்பட எழுதியவை.

மாநகராட்சியில், விழக்கூடிய மரங்களைப் பார்த்துக் குறி போடுகிற வேலை அவனுக்கு. சாய்ந்த மரம்தானே விழும்? பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே.

எதிர்ச்சாரி மயில்கொன்றை கொடிக்கம்பம் கணக்காக நிமிர்ந்து நின்றது. புயலில் அதுதான் வேரோடு விழுந்துவிட்டது. அத்தனை பெரிய மரத்துக்கு வேர் இரண்டு முழம்கூட இறங்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாகக் கன்னியப்பனின் இஸ்திரி வண்டி புங்கமர நிழலில்தான் நின்றது. புயல் வருகிறது, எதிர்ப்பக்கம் மாற்றிப் போடு என்று படித்துப் படித்துச் சொன்னது இவன். அந்த மனுஷனும் மறுபேச்சுப் பேசாமல் தள்ளிக்கொண்டு போனான்.

காற்று கிளம்பியதும் துணி மூட்டையை எடுக்க ஓடி வந்திருக்கிறான். மயில்கொன்றை அவன் கால்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இனி நடப்பானா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

இவன் நல்லது நினைத்துத்தானே சொன்னான்?

இந்தத் தெருவில் வேம்பு அசையாமல் நிற்கிறது. அடுத்த தெருவில் இன்னொரு வேம்பு மல்லாந்து கிடக்கிறது. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கன்னியப்பனின் மனைவி தேசம்மா, கூரை நசுங்கிய வண்டியைக் கிளைகளுக்கு நடுவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். இனி அவள்தான் தேய்க்க வேண்டும்.

வண்டியை அவன் முன்னால் நிறுத்தினாள்.

"எங்க போடட்டும், சார்? நீங்களே சொல்லுங்க."

குத்திக்காட்டுகிறாளா?

முகத்தைப் பார்த்தான். நிஜமாகத்தான் கேட்கிறாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

குறி போட்ட மரங்களை வெட்ட இன்றைக்கு ஆள் வரும். பட்டியல் எழுதிக் கொடுத்தவனும் அவனே.

புங்கமரத்தை அண்ணாந்து பார்த்தான். அடுத்த புயலுக்கு இது நிற்குமா, விழுமா? சத்தியமாகத் தெரியவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதன் அடியிலேயே நிறுத்தினான்.

தெருமுனையில் லாரி திரும்பியது. ரம்பத்தோடு நாலு பேர் இறங்கினார்கள்.

அவன் சிவப்புக் குறியின்மேல் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டான்.