ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சுவிட்ச்

பள்ளங்கி மலைக்கிராமத்தில், பூண்டு காயும் அறைக்குள், சன்னலோரம் உட்கார்ந்து சக்திவேல் தானே செய்த மைக்செட் மிக்சரில் கடைசிச் சுவிட்சைப் பற்றவைக்கிறான். ஈயப்புகை எழுந்து, உள்ளே நுழையும் மூடுபனியோடு கலக்கிறது. பழைய தகரப்பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நான்கு திருகுகள், ஒவ்வொரு மைக்குக்கும் தனிச் சுவிட்ச். போன திருவிழாவில் வைத்திருந்த பெட்டியில் சுவிட்ச் கிடையாது. அண்ணன் திருமலைச்சாமி பாடிவிட்டு இறங்கியதும், "அண்ணனுக்குக் கொரலே போச்சு, இனி மேடையேத்தாதீக" என்று தவில்காரரிடம் இவன் முணுமுணுத்தது, குழாய் ஒலிபெருக்கி வழியாக மலைச்சரிவு முழுக்கக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன் பாடவில்லை, இவனோடு பேசவுமில்லை. இப்போது கீழ்த்தோட்டத்தில் குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருக்கிறார். கூரைமேல் கட்டிய குழாய் அவர் பக்கம்தான் பார்த்திருக்கிறது. சத்தம் வருகிறதா என்று சொல்ல, மனைவி ஜோதிமணி வாசலில் நிற்கிறாள். சக்திவேல் மைக்கை வாயருகே கொண்டுபோகிறான். "அண்ணே, அன்னைக்கு நான் பேசுனது தப்புண்ணே" என்கிறான், மெல்ல. கீழே அந்த முதுகு நிமிரவில்லை. "ஏங்க, ஒண்ணுமே கேக்கலையே" என்கிறாள் ஜோதிமணி. அவன் விரல் சுவிட்சின் மேலேயே இருக்கிறது. அதை அவன் போடவேயில்லை. "சுவிட்ச் நல்லா வேலை செய்யுது புள்ள" என்கிறான்.